தொகையீட்டுக் கோழி

மருதாசலம் சாருக்கு எழுத்துகளிலேயே மிகவும் பிடித்தது, இன்டக்ரேஷனுக்குப் போடும் தொகையீட்டுக் குறி. மேலே ஒரு சின்ன வளைவு, நடுவில் நீண்ட உடல், கீழே எதிர்ப்பக்கம் திரும்பும் இன்னொரு வளைவு. கரும்பலகையில் அதைப் போடும்போது கையை எடுக்கமாட்டார். தலைக்கு மேலே தொடங்கி இடுப்பு வரை ஒரே இழுப்பு. அதைப் போட்டுவிட்டு ஒரு நொடி தள்ளி நின்று பார்ப்பார். பிறகுதான் கணக்கு.

நாமக்கல்லில் திருச்செங்கோடு சாலையில் இருக்கும் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் அவர் கணித ஆசிரியர். பன்னிரண்டாம் வகுப்புக்குத் தொகை நுண்கணிதத்துக்கு மட்டும் தனியாக ஒரு கையேடு எழுதவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. எழுதினார். சமன்பாடுகளை அடிப்பதற்கென்றே இருக்கும் மென்பொருளை மகனுடைய மடிக்கணினியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கணக்கையும் தானே அடித்தார். பின்னத்துக்குக் கோடு எவ்வளவு நீளம், அடுக்கு எவ்வளவு சிறிதாக இருக்கவேண்டும் என்று எல்லாவற்றையும் தானே முடிவு செய்தார். கடைசியில் அனைத்தையும் ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு தனப்பிரியாவின் டிடிபி சென்டருக்குப் போனார்.

தனப்பிரியா பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் கடை வைத்திருந்தாள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பிளெக்ஸ், கோழித்தீவன மூட்டைக்கு லேபிள், எல்லாம் செய்வாள். கணக்குப் புத்தகம் செய்ததில்லை.

“அதுக்கென்னங்க சார், எழுத்துன்னா எழுத்துதானுங்களே. போட்டுறலாமுங்க,” என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

மறுநாளே போன் வந்தது. “சார், கொஞ்சம் வாரீங்களா? உங்க கணக்கு ஒண்ணுகூட வரியில ஒக்கார மாட்டேங்குதுங்க.”

போய்ப் பார்த்தார். பக்கம் அமைக்கும் மென்பொருளுக்குச் சமன்பாடு என்றால் என்னவென்றே தெரியவில்லை. ஒவ்வொன்றையும் அது ஒரு படம் என்று நினைத்தது. வாக்கியத்தின் நடுவே வரவேண்டிய எக்ஸ் ஸ்கொயர் வரிக்கு மேலே காற்றில் தொங்கியது. முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் எழுத்தெல்லாம் நகர்ந்தது, சமன்பாடுகள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றன. ‘கீழ்க்காணும் சமன்பாட்டிலிருந்து’ என்ற வாக்கியம் அடுத்த பக்கத்துக்குப் போய்விட, அந்தச் சமன்பாடு ஆசிரியர் குறிப்பின் மேலே, மருதாசலம் சாரின் போட்டோ நெற்றியில் நாமம் போட்டதுபோல் நின்றிருந்தது.

இருவரும் சேர்ந்து சரி செய்தார்கள். சமன்பாட்டை வெட்டி, எழுத்துக்கு நடுவே கர்சரை வைத்து ஒட்டினால் அது எழுத்தோடு சேர்ந்து நகரும் என்று தனப்பிரியா கண்டுபிடித்தாள். ஆனால் ஒவ்வொன்றையும் கையால் இழுத்து வரிக்கு இறக்கவேண்டும். பள்ளி விட்டதும் மருதாசலம் நேராக அங்கே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்.

“இன்னும் ஒரு நூல் கீழ இறக்கும்மா.”

“இறக்கிட்டனுங்க.”

“அய்யோ, மூழ்கிப்போச்சு. அரை நூல் மேல.”

திரையில் தொகையீட்டுக் குறிகள் வரிசையாக வரியில் நின்றபோது அவருக்குக் கண் கலங்கியது. தனப்பிரியா தன் பிரின்டரில் எடுத்துக் கொடுத்த தாள்களை எழுத்தெழுத்தாகப் படித்தார். பிழையே இல்லை. கோப்பை, அதற்கு வேண்டிய எழுத்துருக்களோடு சேர்த்து, சேலத்தில் ஓமலூர் சாலையில் இருந்த அச்சகத்துக்கு அனுப்பினார்கள்.

பள்ளி ஆண்டு தொடக்க விழாவன்று காலையில்தான் புத்தகக் கட்டுகள் வந்து இறங்கின. பிரித்துப் பார்க்க நேரமில்லை. மேடையில் தாளாளர் குழந்தைவேல் உட்கார்ந்திருந்தார். ராசிபுரம் பக்கம் பெரிய கோழிப்பண்ணைகள் வைத்திருப்பவர். பள்ளி ஆரம்பித்ததே அதில் வந்த வருமானத்தில்தான். அவர் கட்டின் சணலை அறுத்து, முதல் பிரதியை எடுத்து, நடுவில் விரித்தார். விரித்தவர் அப்படியே நின்றுவிட்டார். இன்னொரு பக்கம் புரட்டினார். இன்னொன்று. பிறகு மைக்கை வாங்கினார்.

“நான் படிச்சது எட்டாவதுங்க. கணக்குப் பொஸ்தகம்னாலே எனக்கு நெஞ்சு அடைக்குமுங்க. இன்னைக்குத் தொறந்தன். தொறந்த பக்கமெல்லாம்,” என்று சொல்லிக் குரல் தழுதழுத்து நிறுத்தினார். “தொறந்த பக்கமெல்லாம் நம்ம கோழிங்க!”

புத்தகத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிக் காட்டினார். மருதாசலம் சார் முதல் வரிசையிலிருந்து பார்த்தார். கொண்டை, தூக்கிய வால், இரண்டு கால்கள். வலப்பக்கம் பார்த்து நின்றது. கொண்டைக்கு மேலே பை என்ற கிரேக்க எழுத்து. காலடியில் பூச்சியம். பக்கத்தில் சைன் எக்ஸ் டி எக்ஸ். மற்றவையெல்லாம் சரியாக இருந்தன. வரியில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. தொகையீட்டுக் குறி இருக்கவேண்டிய இடத்தில் மட்டும், ஒவ்வொரு இடத்திலும், கோழி.

அவரை மேடைக்கு அழைத்தார்கள். தாளாளர் சால்வை போர்த்தினார். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். இது பிழை, இந்தப் புத்தகத்தை யாரும் தொடாதீர்கள் என்று சொல்வதற்காகத்தான் மருதாசலம் வாயைத் திறந்தார். எதிரே பெற்றோர்கள் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். தாளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நன்றிங்க,” என்றார் மருதாசலம்.

சால்வையோடு நேராகத் தனப்பிரியாவின் கடைக்குத்தான் போனார். அவள் புத்தகத்தைப் புரட்டிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. அச்சகத்தில் கணினி பார்க்கும் கோகுல்ராஜைப் போனில் பிடித்தாள்.

“ஃபாண்ட்டு நீங்க குடுத்தீங்கக்கா, இல்லேன்னு சொல்லல,” என்றான் அவன். “போடறப்ப, இந்தப் பேர்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்குது, மாத்தட்டுமான்னு கேட்டுச்சு. இருக்கறத எதுக்கு மாத்தோணும்னு வேண்டாம்னு அழுத்திட்டன்.”

அந்த அச்சகத்தில் முன்பு வேலை பார்த்த ஒருவர், தீவன மூட்டை லேபிள் அடிப்பதற்காக, கணித எழுத்துரு ஒன்றைத் திறந்து, யாருக்குமே தேவைப்படாது என்று தோன்றிய ஒரே ஒரு எழுத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கோழியை வரைந்து வைத்திருக்கிறார். பெயரை மாற்றவில்லை. சமன்பாட்டுக் கோப்பு எழுத்துருவின் பெயரைத்தான் தூக்கிக்கொண்டு போகும், எழுத்தை அல்ல. பெயரைச் சொல்லிக் கேட்டது, இருந்ததை அச்சகத்துக் கணினி எடுத்துக் கொடுத்தது.

“யாருக்குமே தேவைப்படாதா?” என்று மட்டும் கேட்டார் மருதாசலம்.

புத்தகத்தைத் திரும்ப அச்சடிக்கலாம் என்ற பேச்சைத் தாளாளரிடம் எடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. குறைந்தபட்சம் ஒரு பிழைதிருத்தச் சீட்டாவது வைக்கலாம் என்று தனப்பிரியா சொன்னாள். கோழிப் படம் வரும் இடங்களிலெல்லாம் தொகையீட்டுக் குறி என்று படிக்கவும். கோழியைப் படமாகவும் குறியை அதே எழுத்துருவிலும் போட்டு அழகாக ஒரு சீட்டு அமைத்தாள். அது பள்ளிக்கு வந்து எல்லாப் புத்தகங்களுக்குள்ளும் செருகப்பட்ட பிறகுதான் மருதாசலம் ஒன்றை எடுத்துப் படித்தார். அதே அச்சகம், அதே கணினி. சீட்டில், ஒரு கோழி, ‘வரும் இடங்களிலெல்லாம்’, இன்னொரு கோழி, ‘என்று திருத்திப் படிக்கவும்’ என்று இருந்தது.

மாணவர்கள் அப்படியே படித்தார்கள்.

முதல் வாரம் வகுப்பில் சிரிப்பு இருந்தது. இரண்டாவது வாரம் அதுவும் இல்லை. “கோழி ஈ பவர் எக்ஸ் டி எக்ஸ்” என்று பிள்ளைகள் சாதாரணமாகச் சொன்னார்கள். மருதாசலம் கரும்பலகையில் பிடிவாதமாகத் தொகையீட்டுக் குறியையே போட்டார். கிருத்திகா என்ற பெண் கை தூக்கினாள்.

“சார், அந்த வளைஞ்ச கோடு என்னங்க சார்? பொஸ்தகத்துல காணமுங்களே.”

இதற்கு அவர் பதில் சொல்வதற்குள் ஜன்னலில் தாளாளரின் முகம் தெரிந்தது. விழாவுக்குப் பிறகு அவர் கணித வகுப்பைப் பார்ப்பதற்கென்றே தினமும் வரத் தொடங்கியிருந்தார். மருதாசலம் குறியை அழித்துவிட்டுக் கோழி வரைந்தார். அவருக்கு வரையத் தெரியாது. ஆமைக்குத் தும்பிக்கை வைத்தது போல வந்தது.

“சார், கொண்டை பின்னால போயிருச்சுங்க,” என்று வகுப்பே திருத்தியது.

தாளாளர் உள்ளே வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்தார். பாடம் முழுவதையும் கேட்டார். முடிந்ததும் மருதாசலத்தை ஓரமாகக் கூப்பிட்டு, மிகவும் மரியாதையாக ஒரு சந்தேகம் கேட்டார்.

“ஏனுங் சார், சில கோழிக்கு மேல கீழ நெம்பர் போட்டிருக்குது, சிலதுக்கு ஒண்ணுமே இல்லீங்களே. அது ஏனுங்க?”

“மேல கீழ இருக்கறது எல்லைங்க. எல்லை இருந்தா வரையறுத்த தொகையீடு. இல்லீனா வரையறாத தொகையீடுங்க.”

குழந்தைவேல் நெடுநேரம் யோசித்தார். “அப்ப நெம்பர் போட்டது கூண்டுக் கோழி. போடாதது மேயற கோழி.”

மருதாசலம் மறுக்கத்தான் நினைத்தார். எங்கே தவறு என்று தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. “ஆமாங்க,” என்றார்.

“அப்ப ரெண்டுக்கும் ஒரே கோழியப் போட்டா எப்படீங்க? அடுத்த பதிப்புல கூண்டுக்கு வெள்ளைக் கோழி, மேயறதுக்கு நாட்டுக்கோழி போட்டுருங்க. பசங்க கொழம்பிருவாங்கல்ல?”

இந்தச் செய்தி பரவியது. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகள் வைத்திருக்கும் ஒருவர் அங்கே ஒரு பள்ளியும் வைத்திருந்தார். அவர் தனப்பிரியாவின் கடைக்கே நேராக வந்துவிட்டார். வர்க்கமூலக் குறிக்குப் பதிலாக ரிக் வண்டி வேண்டுமாம். “வேரு எவ்வளவு ஆழத்துல இருக்குதுன்னு பாக்கறதுதானுங்களே? நம்ம தொழில்தான்,” என்றார். லாரிக்கு பாடி கட்டும் ஒருவர், கூட்டல் தொடருக்குப் போடும் சிக்மாவை லாரியாக்க முடியுமா, எல்லாவற்றையும் ஏற்றுவதுதானே அது என்று கேட்டு ஆளனுப்பினார். தனப்பிரியா மருதாசலத்துக்குப் போன் செய்தாள்.

“செஞ்சு குடுக்கட்டுங்களா சார்? வேண்டாம்னு சொன்னீங்கன்னா செய்யமாட்டனுங்க.”

“வரியில ஒழுங்கா ஒக்காருதான்னு மட்டும் பாத்துக்கம்மா,” என்றார்.

உண்மையில் அவருக்கு வேறொரு குழப்பம் வந்திருந்தது. அந்த வருடம் பிள்ளைகள் தொகை நுண்கணிதத்தை நன்றாகப் போட்டார்கள். எப்போதும் அந்தப் பாடம் தொடங்கினால் முகம் இருண்டுபோகும் பையன்கள், கோழிக்கு வலப்பக்கம் இருப்பதை என்ன செய்யவேண்டும் என்று பதற்றமில்லாமல் கேட்டார்கள். அவர் இதற்காகச் சந்தோஷப்பட விரும்பினார். முடியவில்லை. வகுப்பில் ஆளில்லாத நேரத்தில் கரும்பலகையில் ஒரு தொகையீட்டுக் குறியைப் போட்டுப் பார்த்துவிட்டு அழித்துவிடுவார்.

அரசுத் தேர்வுக்கு முந்தைய நாள், வகுப்பை நிற்கவைத்துச் சொன்னார். “நாளைக்குக் கோழி கெடையாது. இந்தக் கோடுதான். எல்லாரும் பத்துத் தடவ போட்டுப் பாருங்க.” போட்டார்கள். சிலருடைய கோட்டுக்குப் பழக்கத்தில் வால் முளைத்தது.

தேர்வுகள் முடிந்து, விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு மருதாசலத்தைச் சேலத்துக்கு அழைத்தார்கள். பெரிய கூடத்தில் மேசை மேசையாக ஆசிரியர்கள். தாள்களில் பெயர் இருக்காது, பள்ளி இருக்காது, எண் மட்டும்தான். மின்விசிறிகளின் சத்தமும் சிவப்புப் பேனாக்களின் சத்தமும் தவிர எதுவுமில்லை. முற்பகலில் அடுத்த மேசையிலிருந்து அமுதவல்லி என்ற ஆத்தூர் ஆசிரியை எழுந்தார்.

“சார், இதைக் கொஞ்சம் பாருங்க. பையன் நடுவில நடுவில கோழி வரைஞ்சு வெச்சிருக்கான்.”

முகாம் அலுவலர் சண்முகவேல் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “விளையாட்டுப் பண்ணியிருக்கான். பூச்சியம் போட்டுடுங்க.”

“போட்டுடலாம் சார். ஆனா விடை சரியா இருக்கு. படிநிலை எல்லாம் சரியா இருக்கு. கோழியை எடுத்துட்டா கணக்கு நிக்க மாட்டேங்குது.”

கூட்டம் சேர்ந்தது. விடைக்குறிப்பை எடுத்துப் பார்த்தார்கள். அதில் கோழி இல்லை. ஒருவர் இது ஏதோ இரகசிய அடையாளம், தாளையே ரத்து செய்யவேண்டும் என்றார். ரத்து என்ற சொல்லைக் கேட்டதும் மருதாசலம் எழுந்துவிட்டார். எழுந்த பிறகுதான் எல்லோரும் தன்னைப் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. இத்தனை கணித ஆசிரியர்கள் முன்னால் தன் வாயால் இதைச் சொல்லவேண்டியிருக்கும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

“அது தொகையீட்டுக் குறிங்க,” என்றார்.

“எது?”

“கோழிதானுங்க.”

சண்முகவேல் கண்ணாடியைக் கழற்றினார். “எந்த ஊர் வழக்கம் சார் இது?”

“நாமக்கல் வழக்கமுங்க,” என்றார் மருதாசலம். “அய்யா, நாம போடற அந்தக் கோடு மட்டும் வானத்துலருந்தா வந்துச்சு? எப்பவோ ஒருத்தரு எஸ்ஸுங்கற எழுத்த மேலயும் கீழயும் இழுத்து எழுதுனாரு. ஏன் இழுத்தீங்கன்னு நாம கேக்கல, ஏத்துக்கிட்டோம். எனக்கு அதவிட அழகான எழுத்து ஒண்ணு இல்லீங்க. ஆனா குறிங்கறது எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி நடந்துக்குதான்னுதான் பாக்கோணும். இந்தக் கோழி அப்படி நடந்துக்குதுங்க. எல்லை மேலயும் கீழயும் இருக்குது. பக்கத்துல சார்பு இருக்குது. கடைசியில டி எக்ஸ் இருக்குது. வேறென்ன வேணுமுங்க?”

சண்முகவேல் தாளை வாங்கி மெதுவாகப் படித்தார். அவரும் கணித ஆசிரியராக இருந்து வந்தவர்தான். படிக்கப் படிக்க முகம் இறுகியது.

“சரி. ஒத்துக்கிறேன். ஆனா மூணாவது வரியில கோழி இடப்பக்கம் பார்க்குது.”

எல்லோரும் குனிந்தார்கள். உண்மைதான்.

“திசை திரும்பினா எல்லைகளை மாத்தணும்,” என்றார் அமுதவல்லி. “அப்போ முன்னால மைனஸ் வரணும். பையன் போடலை. அரை மதிப்பெண் குறைக்கணும்.”

“ஒண்ணே குறைக்கலாம்,” என்றார் இன்னொருவர். “குறி மாறினா விடையே மாறிடும்.”

மருதாசலம் தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். யாரோ ஒரு பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நெடுநேரம் பார்த்தார்.

“தலை மட்டுந்தானுங்க திரும்பியிருக்குது. கால் விரலப் பாருங்க. வலப்பக்கம்தான் நிக்குது. போற வழியில திரும்பிப் பாக்குது, அவ்வளவுதானுங்க.”

பூதக்கண்ணாடி கைமாறிக் கைமாறிப் போனது. சண்முகவேல் கடைசியாகப் பார்த்தார். விரல்கள் மூன்றும் வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன.

“முழு மதிப்பெண்,” என்றார். பிறகு உதவியாளரைக் கூப்பிட்டு எல்லா மேசைகளுக்கும் ஒரு குறிப்பு எழுதச் சொன்னார். கோழி தொகையீட்டைக் குறிக்கும். திசையைத் தீர்மானிக்கும்போது காலைப் பார்க்கவும், தலையைப் பார்க்கவேண்டாம்.

மருதாசலம் உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்துவிட்டதுபோலவும், அதே சமயம் ஒரு பிள்ளையைக் கிணற்றடியிலிருந்து தூக்கி வந்துவிட்டதுபோலவும் இருந்தது. அமுதவல்லி தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அவர் ஒரு வாய் குடிப்பதற்குள் கூடத்தின் கடைசி மேசையிலிருந்து ஒருவர் கை தூக்கினார்.

“சார், இந்தத் தாள்ல எல்லை போடாத கோழி. அது சரி. விடையும் சரி. ஆனா கடைசியில மாறிலி சி போடணுமில்ல? அதைப் போடலை. கூட்டல் குறி போட்டு, ஒரு முட்டை வெச்சிருக்கு.”

எல்லோரும் மருதாசலத்தைப் பார்த்தார்கள்.

“அது எனக்குத் தெரியாதுங்க,” என்றார் அவர். “பொஸ்தகத்துல இல்ல. நான் சொல்லியும் தரல.”

சொன்ன பிறகுதான் யோசித்தார். எல்லை போடாத கோழி. தொகையிட்டு முடித்தபின் எவ்வளவு என்று தெரியாத ஒன்று மிச்சமாக நிற்கும். அது என்னவாகவும் இருக்கலாம், ஆனால் கட்டாயம் ஒன்று இருக்கும். அதை மறக்காதீர்கள் என்று வருடா வருடம் தொண்டை கிழியக் கத்தியும் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். இந்தப் பிள்ளை மறக்கவில்லை.

“முட்டையைப் பூச்சியம்னு எடுத்துக்கலாமா சார்?” என்று கடைசி மேசைக்காரர் கேட்டார்.

“இருங்க, இருங்க. பூச்சியம்னு போட்றாதீங்க,” என்று மருதாசலம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு, மேசைகளுக்கு நடுவே கிட்டத்தட்ட ஓடினார்.